ஃபின் யூலா, வெக்னரா, பெயரே இல்லாததா? பழைய டேனிஷ் தேக்கு நாற்காலி வாங்குமுன்

பழைய டேனிஷ் தேக்கு நாற்காலி ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் கேட்பது, "ஃபின் யூல் வாங்கட்டுமா, வெக்னர் வாங்கட்டுமா?" என்றுதான். இருவரும் இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற டேனிஷ் நாற்காலி வடிவமைப்பாளர்கள். டென்மார்க்கில் இருப்பவன், ஏலக்கூடங்களில் நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்பதால் என்னிடமும் இந்தக் கேள்வி வரும். நான் திருப்பிக் கேட்பேன்: அதில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறீர்கள்? சாப்பிடவா, எழுதவா, மாலையில் சாய்ந்து படிக்கவா, வருகிறவர்கள் பார்த்து வியக்கவா? நான்குக்கும் ஒரே நாற்காலி ஒத்துவராது. சாப்பாட்டு மேசைக்கான நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து 44, 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். சாய்ந்து உட்காரும் நாற்காலி அதைவிடத் தாழ்வு, பின்பக்கம் சரிவு. இதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால், பெரிய விலை கொடுத்த நாற்காலி யாரும் உட்காராமல் மூலையில் நிற்கும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை வைத்த தேக்கு நாற்காலியில் முதலில் பார்க்க வேண்டியது அதன் கையை. முழங்கை படும் இடம், உள்ளங்கை பிடிக்கும் நுனி, கை போய்ப் பின்காலோடு சேரும் இணைப்பு. செய்தவருடைய திறமை, பிறகு வைத்திருந்தவர்களுடைய பராமரிப்பு, பழுதுபார்த்தவருடைய அவசரம் எல்லாம் அந்த ஒரு முழ நீளத்தில் தெரிந்துவிடும். அதைப் பார்த்து முடித்தபிறகு அடியில் செய்தவரின் முத்திரையைத் தேடலாம்.

பட்டறையும் தொழிற்சாலையும்

டேனிஷ் நாற்காலிகளை வடிவமைத்தவர் பெயரால் பிரிப்பதுதான் வழக்கம். வாங்குகிறவருக்கு அதைவிடப் பயன்படும் பிரிவு, அது பட்டறையில் செய்ததா, தொழிற்சாலையில் செய்ததா என்பது. 1924-இல் கோர கிளிண்ட் கோபன்ஹேகன் அரச நுண்கலை அகாதெமியில் மரச்சாமான் வடிவமைப்புக்கென்று தனிப் பள்ளி தொடங்கினார். மனித உடலையும், வீட்டில் புழங்கும் பொருள்களையும் அளந்து பார்த்து அந்த அளவிலிருந்து வடிவத்துக்குப் போகச் சொல்லிக் கொடுத்தவர் அவர். 1927 முதல் 1966 வரை கோபன்ஹேகன் தச்சர் கில்டு, அதாவது தச்சர்களின் சங்கம், ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தியது. கட்டடக் கலைஞர் வரைவார், ஒரு பட்டறைத் தச்சர் அதைச் செய்துகாட்டுவார். யூலுக்கு நீல்ஸ் வோடர், வெக்னருக்கு யொஹான்னஸ் ஹான்சன் என்று இணைகள் இப்படித்தான் அமைந்தன. இந்தப் பட்டறைகளில் செய்தவை எண்ணிக்கையில் குறைவு, விலையில் உச்சம்.

தொழிற்சாலையின் கதை மரத்திலிருந்து தொடங்குகிறது. தேக்கு டென்மார்க்குக்கு அந்நியமாக இருந்ததில்லை. எச். என். ஆண்டர்சன் 1897-இல் தொடங்கிய கிழக்காசியக் கம்பெனி சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) தேக்கு வாணிபம் செய்துவந்தது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களுக்குக் கப்பலேறி வந்த பர்மா தேக்குக்கும் இதற்கும் மரவகையில் வேறுபாடு இல்லை. ஆனால் தேக்கில் சிலிக்கா உண்டு; அறுக்கிற பற்களை அது சீக்கிரம் மழுக்கிவிடும். கையால் இழைக்கிறவர் உளியைத் தீட்டிக்கொண்டே வேலை செய்யலாம். நாள் முழுக்க ஓடும் இயந்திரம் என்ன செய்யும்? டென்மார்க்கில் மெத்தைத் தொழில் நடத்திய சார்ல்ஸ் ஃபிரான்ஸ் என்ற ஆங்கிலேயர், டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த வெட்டுக்கருவிகளைக் கொண்டு இதற்கு வழி கண்டார். அதன்பிறகு தேக்கு நாற்காலியைத் தொகையாகச் செய்து கழற்றி அடுக்கி வெளிநாட்டுக்கு அனுப்ப முடிந்தது. ஃபிரான்ஸ் அண்ட் டாவர்கோசன், பின்னர் ஃபிரான்ஸ் அண்ட் சன் என்று பெயர் மாறிய அவருடைய நிறுவனத்தின் நாற்காலிகள்தான் இன்று சாதாரண மனிதரின் கைக்கு எட்டும் நல்ல டேனிஷ் தேக்கு.

பட்டறையில் பிறந்தவை

யூல் 1945-இல் வரைந்து வோடர் பட்டறையில் செய்த நாற்காலியை 'என்வி 45' என்பார்கள். மெத்தை தைத்த இருக்கையும் சாய்மானமும் மரச்சட்டத்தில் ஒட்டாமல் விலகி நிற்கும். முன்பக்கக் குறுக்குச் சட்டத்துக்கும் இருக்கைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். யூல் தச்சுத்தொழில் பயின்றவர் இல்லை, கட்டடக் கலைஞர். தச்சன் தயங்குகிற இடத்தில் அவருடைய பென்சில் தயங்கவில்லை. 1937 முதல் கூடவே இருந்த வோடர் அந்தக் கோடுகளை மரத்தில் நிறுத்திக் காட்டினார். இந்த நாற்காலியின் கையைத் தொட்டுப் பார்த்தால் ஒன்று புரியும்: மேலே அகலமாகத் தொடங்கும் மரம் ஓரத்துக்கு வர வர மெலிந்து, கத்தி முனை அளவுக்கு இல்லாவிட்டாலும் அந்தத் திசையில் போய் நிற்கிறது. உள்ளங்கை வைத்தால் எடுக்க மனம் வராது. அதே மெலிவுதான் அதன் ஆபத்தும். நாற்காலியின் கைமேல் உட்காரும் பிள்ளைகளும், கைகளைப் பிடித்துத் தூக்கி இடம் மாற்றும் விருந்தினரும் உள்ள வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அவருடைய 1949 சீஃப்டன் நாற்காலியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கில்டு கண்காட்சியில் மன்னர் ஒன்பதாம் ஃபிரெடரிக் உட்கார்ந்து பார்த்த நாற்காலி அது. அகலம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அதற்கு இடம் உள்ளவருக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

வெக்னர் வந்த வழி வேறு. டென்மார்க்கின் தென்கோடியில் உள்ள தோன்டர் ஊரில் 1914-இல் செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து, சிறுவயதிலேயே தச்சுப் பட்டறைக்குப் போனவர். 1949-இல் அவர் வரைந்த வட்ட நாற்காலியில் அந்தப் பட்டறைப் படிப்பு தெரியும். சாய்மானமும் இரண்டு கைகளும் ஒரே வளைவாக ஓடுகின்றன. வளைவு ஒரே கட்டையில் வராது, துண்டுகளை இணைத்துத்தான் ஆக வேண்டும். முதலில் செய்தவற்றில் அந்த இணைப்பு வெளியே தெரியாமலிருக்கச் சாய்மானத்தைப் பிரம்பால் சுற்றி மறைத்தார்கள். அடுத்த ஆண்டே வெக்னர் பிரம்பை எடுத்துவிட்டு, பல் பல்லாகக் கோத்த இணைப்பை எல்லோரும் பார்க்கும்படி விட்டார். மறைக்க வேண்டியதாக இருந்த இடமே நாற்காலியின் அழகாகிவிட்டது. 1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோவில் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சி விவாதத்தில் உட்கார்ந்தது இந்த நாற்காலியில்தான். பிரம்பு இருக்கை உள்ளதற்கு ஜேஎச் 501, தோல் இருக்கை உள்ளதற்கு ஜேஎச் 503 என்று எண். ஓக்கிலும் செய்தார்கள், தேக்கிலும் செய்தார்கள்.

இந்த இரண்டில் எது? மேசை முன்னால் மணிக்கணக்கில் உட்காருபவருக்கு வெக்னர். சாய்மானம் தாழ்வாக இருப்பதால் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து பேசலாம், ஒரு காலை மடக்கி வைக்கலாம். எந்தக் கோணத்தில் இருந்தாலும் முழங்கைக்கு ஓர் இடம் கிடைக்கும். மரச்சட்டத்திலும் மெலிவு குறைவு, பயம் குறைவு. சிற்பம் போன்ற ஒரு பொருளோடு வாழ ஆசைப்பட்டு, அதைக் கவனித்துக்கொள்ளப் பொறுமையும் உள்ளவருக்கு என்வி 45. தலையைச் சாய்த்துத் தூங்க நினைப்பவருக்கு இரண்டும் உதவாது. விலையில் இரண்டுமே பெரிய முடிவு. நடுத்தரக் குடும்பம் யோசனை இல்லாமல் இறங்கக் கூடாத தொகை.

இப் கோஃபோட் லார்சன் 1956-இல் வரைந்த எலிசபெத் நாற்காலியும் இந்த வரிசையில்தான் வரும். 1958-இல் இங்கிலாந்து அரசி எலிசபெத்தும் பிலிப்பும் ஒரு ஜோடி வாங்கியதால் வந்த பெயர் அது. நல்ல நாற்காலி. ஆனால் அரச குடும்பத்தின் பெயருக்கும் சேர்த்துத்தான் விலை கேட்பார்கள்.

தொழிற்சாலையில் பிறந்தவை

என் மனம் அதிகம் சாய்வது இந்தப் பக்கம். சார்ல்ஸ் ஃபிரான்ஸ் மலிவாகச் செய்ய நினைத்து மட்டமான வடிவங்களை வாங்கவில்லை. யூல், கிரேட்ட யால்க், ஓலெ வான்ஷர், பீட்டர் வித், ஓர்லா மோல்கோர் நீல்சன் என்று அந்தக் காலத்தின் சிறந்தவர்களையே வரையச் சொன்னார். ஐ.நா. பொறுப்பாட்சி மன்றக் கூடத்தை வடிவமைத்த அதே யூல், தொழிற்சாலைக்காக வரைந்த எஃப்டி 133 நாற்காலியை இன்று 'ஸ்பேட்' என்று அழைக்கிறார்கள். அதன் கையை மேலிருந்து பார்த்தால் முன்பக்கம் விரிந்து துடுப்பின் பரப்பு போலத் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தால் மெல்லிய கோடு. விரலை அடிப்பக்கத்தில் ஓட்டினால் மரம் நடுவில் தடித்து ஓரங்களில் மெலிவது தெரியும். இயந்திரம் வடிவம் வெட்டியபிறகு கையால் தேய்த்து முடித்த வேலை அது. பட்டறை நாற்காலியின் அந்தத் துணிச்சல் இதில் இல்லை. நாள்தோறும் உட்காரும் தெம்பு இருக்கிறது.

இந்த வகையின் பெரிய சௌகரியம், மெத்தைகள் தனியாகக் கழன்றுவருவது. என்வி 45-இன் துணி கிழிந்தால் கைதேர்ந்த தையற்காரரைத் தேடி, சட்டத்தைப் பிரித்து, ஏகப்பட்ட செலவில் மாற்ற வேண்டும். இதில் உறையைக் கழற்றி உள்ளூர்க் குஷன் கடையில் கொடுத்தால் போதும். ஒன்றைச் சொல்லிக் கொடுக்க மறக்காதீர்கள்: புது ஃபோம் பழைய மெத்தையின் கனத்திலேயே இருக்க வேண்டும். "நல்லா கெட்டியா, உயரமா போட்டுத் தர்றேன்" என்று கடைக்காரர் ஆசையாகச் சொல்வார். ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்தாலும் இருக்கை மேலே போய், கைகள் தாழ்ந்து, முழங்கை தொங்கும்; யூல் வரைந்த அளவு முழுவதும் கெட்டுவிடும். மெத்தைக்கு அடியில் ரப்பர் பட்டையோ கம்பிச் சுருளோ இருக்கும். ரப்பர் பட்டை காய்ந்து வெடித்திருந்தால் பயப்பட வேண்டாம், மாற்றுவது எளிது; விலை பேசவும் உதவும்.

கிரேட்ட யால்க் வடிவமைத்த 118-ஆம் எண் நாற்காலியை நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதே தொழிற்சாலை, அதே தேக்கு, கழன்றுவரும் மெத்தை. ஆனாலும் யூலின் பெயர் உள்ள நாற்காலியைவிடப் பொதுவாகக் குறைந்த விலைக்குப் போகிறது. யால்க் தச்சுப் பயிற்சி பெற்றவர். கில்டு கண்காட்சிகள் நாற்பது ஆண்டும் எப்படி நடந்தன என்பதை நான்கு தொகுதிகளில் ஆவணமாக்கி 1987-இல் வெளியிட்டவரும் அவரே. டேனிஷ் நாற்காலி வரலாற்றை எழுதுகிற எல்லோரும் அவருடைய தொகுப்பில் சாய்ந்துகொண்டு, அவருடைய நாற்காலிகளை இரண்டாம் வரிசையில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. வாங்குகிறவருக்கு அது லாபம் என்பதும் உண்மை.

காலத்தைத் தெரிந்துகொள்ள முத்திரை உதவும். ஃபிரான்ஸ் அண்ட் டாவர்கோசன் என்று வட்டத் தகட்டில் இருந்தால் 1957-க்கு முந்தையது. அதன்பிறகு ஃபிரான்ஸ் அண்ட் சன். 1966-இல் நிறுவனம் பௌல் கடோவியுஸ் கைக்குப் போனது. அவர் வைத்த காடோ என்ற பெயர் இருந்தால் அதற்குப் பிந்தையது. தகடு இல்லையென்றால் போலி என்று முடிவு கட்டாதீர்கள். தகடு விழுந்துபோயிருக்கலாம், அது பதிந்திருந்த குழி அடிச்சட்டத்தில் தெரிகிறதா என்று பாருங்கள்.

சாப்பாட்டு மேசைக்கு என்றால் என் தேர்வு ஜே. எல். மோலர். நீல்ஸ் ஓட்டோ மோலர் 1944-இல் ஆர்ஹுஸ் நகரில் தொடங்கிய குடும்ப நிறுவனம் இன்றும் நாற்காலி செய்கிறது. 1951-இல் வந்த கையில்லாத 71-ஆம் எண்ணை எங்கும் பார்க்கலாம். கை வைத்ததில் 62-ஆம் எண்ணைத் தேடுங்கள். கைகள் மேசைக்கு அடியில் போகுமா என்று உங்கள் மேசையை முதலில் அளந்துகொள்ளுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இருக்கை பெரும்பாலும் காகிதக் கயிற்றுப் பின்னல். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கடற்புல் கயிறு கிடைக்காமல் போனபோது அதற்கு மாற்றாக வந்தது, முறுக்கிய பழுப்புக் காகிதம். கேட்பவருக்கு நம்பிக்கை வராது, ஆனால் பல பத்தாண்டுகள் தாங்கும். வெக்னரின் புகழ்பெற்ற ஒய் நாற்காலி ஒன்றின் இருக்கைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் கயிறு போகிறது என்றால் எவ்வளவு நெருக்கமான பின்னல் என்று புரியும். குழம்பு சிந்தினால் உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். மஞ்சள் கறை போகாது. நம் சமையல் உள்ள வீட்டில் இதை நினைத்துப் பார்த்தே வாங்க வேண்டும். கறைக்குப் பயப்படுகிறவர் தோல் இருக்கை உள்ளதை எடுக்கலாம்.

பிரம்பு இருக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் பிரம்பு காய்ந்து, ஒருநாள் யாராவது முழங்காலை ஊன்றும்போது அறுந்துவிடும். இருக்கையின் அடிப்பக்கத்தை அவ்வப்போது ஈரத்துணியால் துடைத்தால் நீண்ட காலம் வரும். காற்றில் ஈரம் உள்ள நம் ஊருக்குப் பிரம்பு நன்றாக ஒத்துப்போகும். பின்னத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது இன்னொரு வசதி.

பெயரில்லாதவை, தேக்கு அல்லாதவை

சந்தையில் அதிகம் கிடைப்பது முத்திரை இல்லாத நாற்காலிகள். சிறு ஊர்களில் இருந்த சின்னச் சின்னத் தொழிற்சாலைகள் செய்தவை. "ஃபின் யூல் பாணி", "வெக்னர் பள்ளி" என்று எழுதி விலையை ஏற்றியிருப்பார்கள். அந்த எழுத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். மரத்துக்கும் இணைப்புக்கும் கொடுங்கள். வட்டமான கட்டுப்பாட்டு முத்திரை ஒன்று 1959 முதல் வழக்கில் உண்டு, 'டேனிஷ் ஃபர்னிச்சர்மேக்கர்ஸ் கன்ட்ரோல்' என்று அதில் இருக்கும். யார் செய்தது என்று தெரியாவிட்டாலும் எந்தத் தரத்தில் செய்தது என்பதற்கு அது ஓரளவு சாட்சி. நல்ல இணைப்பும் நல்ல கையும் உள்ள பெயரில்லாத நாற்காலி ஒன்று கிடைத்தால், பெயருள்ள பழுதானதைவிட அதை எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

தேக்கு என்று விற்பதெல்லாம் தேக்கும் இல்லை. பீச் என்ற வெளிறிய ஐரோப்பிய மரத்துக்குச் சாயம் ஏற்றியது நிறைய உண்டு; கை மட்டும் தேக்கு, கால்கள் பீச் என்று கலந்து செய்ததும் உண்டு. கலப்பது குற்றமில்லை, வெக்னரே ஓக்கையும் தேக்கையும் சேர்த்திருக்கிறார். ஆனால் முழுத் தேக்கு விலைக்கு அதை வாங்கக் கூடாது. காலின் அடிப்பாகத்தில், சாயம் தேய்ந்த இடத்தில் வெளிறிய மரமும் சின்னச் சின்னப் புள்ளிக் கோடுகளும் தெரிந்தால் பீச். பிரிட்டனில் செய்த பழைய நாற்காலிகளில் அஃப்ரோமோசியா என்ற ஆப்பிரிக்க மரம் தேக்கின் இடத்தில் நிற்கும். ஜி-பிளான் என்ற பிரிட்டிஷ் மரச்சாமான் நிறுவனம் 1962-இல் கோஃபோட் லார்சனைக் கொண்டே 'டேனிஷ்' என்று ஒரு வரிசை வெளியிட்டது. அவை நன்றாகவே இருக்கும், செய்த இடம் இங்கிலாந்து என்று தெரிந்து வாங்கினால் சரி.

ரோஸ்வுட்டில் செய்த அதே நாற்காலிகள் தேக்கைவிடப் பகட்டாக இருக்கும். கருஞ்சிவப்பில் கறுப்பு ரேகை ஓடும். நாடு மாறும் வாய்ப்பு உள்ளவர்கள் அதைத் தொடாதிருப்பது நல்லது. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. உரிய சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியாது, ஐரோப்பாவுக்குள் விற்கவும் காகிதம் வேண்டும். தேக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. வேலைக்காக ஊர் ஊராக மாறும் நம்மவர்களுக்கு இது சிறிய விஷயம் இல்லை.

புதிதாகவே வாங்கிவிட்டால் என்ன? முடியும். வெக்னரின் வட்ட நாற்காலியைப் பிபி மோப்லர் நிறுவனமும், யூலின் என்வி 45, சீஃப்டன் இரண்டையும் ஹவுஸ் ஆஃப் ஃபின் யூலும் உரிமையோடு செய்கின்றன. வேலைத்தரம் பழையதற்குக் குறைந்ததில்லை, உத்தரவாதமும் உண்டு. ஆனால் புதியவற்றில் பெரும்பாலும் ஓக், வால்நட், ஆஷ். தாய்லாந்து 1989-இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை நிறுத்தியது. மியன்மார் 2014-இல் உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்தியது. 2021-இல் அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின்மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. 1950-களில் அறுத்த அந்தப் பழுத்த காட்டுத் தேக்கு இனிப் புதிதாக வரப்போவதில்லை. ஆகவே, தேக்குதான் வேண்டும் என்றால் பழையது. வடிவம்தான் வேண்டும், மரம் எதுவானாலும் பரவாயில்லை என்றால் புதியது. உரிமை இல்லாமல் நகலெடுத்து மலிவாக விற்பவற்றை எந்தக் கணக்கிலும் நான் சேர்க்க மாட்டேன். அவற்றின் கையைப் பிடித்துப் பார்த்தாலே தெரியும்: வளைவு இருக்கும், மெலிவு இருக்காது.

கவிழ்த்துப் பார்க்கும்போது

விற்பவர் எதிரில் கூச்சப்படாமல் நாற்காலியைத் தலைகீழாக வையுங்கள். முதலில் ஆட்டம். இரண்டு கைகளையும் பிடித்து எதிர் எதிராக மெல்லத் தள்ளினால் தளர்ந்த இணைப்பு முனகும். முழுதும் மரத்தால் இணைத்ததில் இது பசை விட்டுப்போனதன் அடையாளம். போல்ட் போட்டுக் கழற்றும் வகையில் முடுக்கினாலே சரியாகலாம். பசை விட்ட இணைப்பைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி ஒட்டி இறுக்கி வைக்கலாம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் ஒட்டுமுன் அசிட்டோனால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பசை பிடிக்காது. இது செய்யத்தக்க வேலை. செய்யமுடியாத அளவுக்குக் கெடுப்பது ஸ்க்ரூ. இணைப்பு ஆடுகிறதே என்று யாரோ பக்கவாட்டில் ஸ்க்ரூ முடுக்கி, அதன் தலையை மரத்தூளும் பசையும் வைத்து மூடியிருப்பார்கள். கையும் பின்காலும் சேரும் இடத்தில் நிறம் மாறிய சின்ன வட்டம் தெரிந்தால் அதுதான். அந்த நாற்காலியை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, இழைப்பும் தேய்ப்பும். நாற்காலியின் இரண்டு கைகளின் ஓரங்களையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் தடவுங்கள். ஒன்று கூர்மையாகவும் மற்றது மழுங்கியும் இருந்தால், கறை எடுப்பதற்காக மின்தேய்ப்பானைப் போட்டு அமுக்கியிருக்கிறார்கள். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் ரேகையின் போக்குக்குக் குறுக்கே சுழல் சுழலாகக் கீறல் தெரியும். அடியில் சுட்ட முத்திரை பாதி அழிந்திருந்தாலும் இதே காரணம்தான். யூலின் நாற்காலியில் இப்படித் தேய்த்தால் போவது மேல்தோல் மட்டும் இல்லை. அவர் வரைந்த கோடே போய்விடுகிறது. கறை உள்ள கையைவிடத் தேய்த்துக் கெடுத்த கை மோசம். காபி வட்டத்தை மெல்லிய உப்புத்தாளால் எண்ணெய் தொட்டு ரேகையோடு தேய்த்து மட்டுப்படுத்தலாம். போன மரம் வராது.

பளபளவென்று வார்னிஷ் அடித்திருந்தால் அது பிறகு சேர்ந்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தேக்கு நாற்காலிகளில் பெரும்பாலானவை எண்ணெய் பூசி முடித்தவை. வருடத்துக்கு ஓரிரு முறை கொஞ்சம் எண்ணெய் தேய்த்து, மிச்சத்தை முழுக்கத் துடைத்து எடுத்தால் போதும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி தானாகத் தீப்பிடிக்கும், விரித்துக் காயவைத்தபின் எறியுங்கள். தேக்கு மழையைத் தாங்கும் என்று சொல்லிப் பால்கனியில் வைக்கவும் வேண்டாம். மரம் தாங்கினாலும் உள்ளிருக்கும் பசை தாங்காது.

கடைசியாக, ஆளுக்கேற்ற தேர்வு. மாலையில் சாய்ந்து படிக்க ஒரு நாற்காலி போதும் என்பவருக்கு யால்க்கின் 118. கையிருப்பு கூடுதலாக இருந்தால் யூலின் எஃப்டி 133. முதுகுவலியோடு மேசையில் வேலை செய்கிறவருக்கு இவற்றைச் சொல்ல மாட்டேன், அவருக்கு நிமிர்ந்து உட்காரும் வெக்னர் 503 அல்லது மோலர் 62. குடும்பமாகச் சாப்பிடும் மேசைக்கு மோலரின் கையில்லாத நாற்காலிகளோடு தலைமாட்டில் ஒன்று மட்டும் கை வைத்தது. முதல் வீடு, கைக்குழந்தை, கடன் தவணை என்று இருப்பவருக்கு ஆட்டமில்லாத, தேய்த்துக் கெடுக்காத, பெயரில்லாத தேக்கு நாற்காலி. என்வி 45-ஐ வாங்க நினைப்பவர், வாங்குமுன் கோபன்ஹேகன் பக்கம் வந்தால் ஓர்ட்ரப்கோர் அருங்காட்சியகத்தோடு சேர்ந்திருக்கும் ஃபின் யூலின் வீட்டுக்குப் போய் அந்த நாற்காலிகள் அறையில் எப்படி இடம் பிடிக்கின்றன என்று பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

தூரத்திலிருந்து வாங்கினால், கை பின்காலோடு சேரும் இடம் இரண்டையும் அடிச்சட்டத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம். கழற்றி அனுப்பும் வகை என்றால் போல்ட்டுகளையும் வாஷர்களையும் ஒரு பையில் போட்டு அடிச்சட்டத்தில் கட்டச் சொல்லுங்கள், கைகளைத் தனித்தனியாகத் துணியில் சுற்றச் சொல்லுங்கள். வந்ததும் உடனே முடுக்காமல் இரண்டு நாள் அறைக்குள் அப்படியே வையுங்கள்; மரம் உங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும்.